கராஜ் வாசல்: பெரிய சென்ஸர் பூட்டினால் இழுவை கூடுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சாமானைப் பற்றித்தான். எயார் கிளீனர் பெட்டிக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவில் குழாயில் குந்தியிருக்கும் எயார் ஃப்ளோ சென்ஸர். 2020 இல் வாகன இறக்குமதி நின்றபோது கொழும்பில் எல்லோரும் பழைய வண்டியையே தட்டித் தடவி ஓட்டப் பழகினோம். இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகும், கழற்றிப் பூட்டும் அந்த ஆசை போகவில்லை போலிருக்கிறது. சரி, கடிதங்களுக்கு வருகிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் நிசான் சில்வியா எஸ்14 டேர்போ இருக்கிறது. எக்ஸோஸ்ட் முழுக்க மாற்றி, பூஸ்டையும் (டேர்போ தள்ளும் காற்றின் அமுக்கம்) 0.9 பாருக்கு ஏற்றியிருக்கிறேன். 6000 சுற்றைத் தாண்டினால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. எயார் ஃப்ளோ சென்ஸர் போதவில்லை, 300இசட்எக்ஸ் காரின் சென்ஸரைப் பூட்டு, வயர் பிளக்கை மாற்றினால் போதும், 30 குதிரை கூடும் என்கிறான் என் நண்பன். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் ஒன்று பார்த்தும் வைத்துவிட்டேன். வாங்கலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: தம்பி, நண்பர் சொன்னதில் பாதி சரி. 300இசட்எக்ஸ் சென்ஸர் நல்ல சாமான். 3 லீற்றர், இரண்டு டேர்போ, 280 குதிரை. அந்த என்ஜினுக்குப் போகும் காற்று முழுவதையும் தனி ஒன்றாக நின்று அளந்தது அது. உங்கள் 2 லீற்றர் என்ஜின் கம்பனியிலிருந்து வரும்போது 220 குதிரை. அதற்கு வைத்த சென்ஸர் அதற்கு மேல் கொஞ்சத் தூரம் தாங்கும், பிறகு 5 வோல்ட்டைத் தொட்டு நின்றுவிடும். அதற்கு அப்பால் எவ்வளவு காற்று போனாலும் என்ஜின் கம்பியூட்டருக்குத் தெரியாது. இதுவரை சரி.

வயர் பிளக்கை மாற்றினால் போதும் என்றாரே, அதுதான் பிழையான பாதி.

சென்ஸருக்குள்ளே மயிரிழை போல ஒரு பிளாட்டினக் கம்பி இருக்கும். உள்ளே வரும் காற்றைவிட ஒரு குறித்த அளவு கூடுதல் சூட்டில் அதை எப்போதும் வைத்திருக்க வேண்டும். காற்றுப் பட்டால் கம்பி ஆறும். சுடுதேத்தண்ணியை ஊதி ஆற்றுகிறோமே, அதே சங்கதி. ஆறவிடாமல் பிடித்து வைக்கக் கூடுதல் மின்சாரம் வேண்டும், அந்த மின்சாரம்தான் வோல்ட்டாகக் கம்பியூட்டருக்குப் போகிறது. கம்பியூட்டரிடம் ஒரு அட்டவணை இருக்கும்: இத்தனை வோல்ட் என்றால் செக்கனுக்கு இத்தனை கிராம் காற்று. அந்த அட்டவணை பழைய சென்ஸரையும் அது பூட்டியிருந்த குழாயின் விட்டத்தையும் வைத்து எழுதியது. சென்ஸர் மாறியது அதற்கு எப்படித் தெரியும்?

குழாயின் கணக்கு மட்டும் எவ்வளவு என்று பாருங்கள். கம்பி குழாயில் போகும் காற்று முழுவதையும் தொடுவதில்லை, நடுவில் ஒரு சிறு பங்கைத்தான் தொடுகிறது. 60 மில்லிமீற்றர் குழாயை 70 ஆக்கினால் பரப்பு 36 வீதம் கூடும். அதே காற்று ஆறுதலாகப் போகும், கம்பி குறைவாக ஆறும். கம்பியூட்டர் நான்கில் ஒரு பங்குக் காற்றைக் காணாமலே விட்டுவிடும். வெளியே பத்து மில்லிமீற்றர்தான், உள்ளே கணக்கே மாறிப்போகும்.

செட்டியார் தெருவில் பவுன் நிறுக்கும் தராசில் நாலாம் குறுக்குத் தெரு வெங்காய மூட்டையை ஏற்ற முடியாது. உங்கள் பழைய சென்ஸருக்கு அதுதான் பிரச்சினை. ஆனால் வெங்காயத் தராசைக் கொண்டுபோய்ப் பவுன் கடையில் வைத்தால் அரைப் பவுன் அங்கே முள்ளை அசைக்காது. பெரிய சென்ஸர் போட்டவர்கள் பலருக்கு வண்டி ஐட்லிங்கில் நடுங்குவதும், சிக்னலில் நின்றுபோவதும் இதனால்தான். காலி வீதியில் அலுவலக நேரத்தில் வண்டி ஓடுவதே ஐட்லிங்கில்தானே.

இனி என் கதையைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம், ஆனாலும் சொல்கிறேன்.

தெமட்டகொடையில் ஒரு சிங்கள பாஸிடம் தொழில் பழகி, கிராண்ட்பாஸில் சொந்தமாகக் கராஜ் போட்டிருந்த காலம். டேர்போ ப்ளூபேர்ட் ஒன்று வந்தது, உங்கள் என்ஜினின் குடும்பம்தான். கம்பியூட்டரைத் திருத்தி எழுத எனக்கு அப்போது தெரியாது. ஆனால் புத்திசாலி என்று நினைப்பு. பெற்றோல் பீய்ச்சும் கம்பனி இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 370 சிசி. அதைக் கழற்றி 550 பூட்டினேன், ஒன்றரை மடங்கு. பெரிய சென்ஸரையும் பூட்டினேன். அது காற்றை ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைத்துக் காட்டும். கம்பியூட்டர் மூன்றில் இரண்டு பங்கு நேரம் இன்ஜெக்டரைத் திறக்கும், இன்ஜெக்டர் ஒன்றரை மடங்கு ஊற்றும், பெருக்கிப் பார்த்தால் ஒன்று. கணக்கு நேராகிவிட்டது! ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன், நான்கும் வடிவான பிஸ்கட் நிறம். வண்டிக்காரர் நீர்கொழும்புக்குப் போய் வந்து, கன்றுக்குட்டி மாதிரித் துள்ளுது என்றார்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தார். எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை. கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அமுக்கம்) பார்த்தேன்: மூன்றாம் சிலிண்டர் மட்டும் 90 பிஎஸ்ஐ, மற்ற மூன்றும் 150க்கு மேல். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டனில் இரண்டு ரிங்குக்கு நடுவில் இருக்கும் விளிம்பு உடைந்து கிடக்கிறது.

பெற்றோல் சரியாகத்தான் இருந்தது, நெருப்புத்தான் பிழை. காற்று இவ்வளவு என்ற கணக்கை வைத்துத்தான் கம்பியூட்டர் ஸ்பார்க் எப்போது அடிப்பது என்பதையும் முடிவு செய்கிறது. சுமை குறைவு என்று நினைத்தால் ஸ்பார்க்கை முந்தி அடிக்கும். உதாரணத்துக்கு, முழு பூஸ்டில் 16 பாகையில் அடிக்க வேண்டியது 24 பாகையில் அடித்தால் என்ன ஆகும்? பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அமுக்கம் எகிறி, மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அந்த டொக் டொக் சத்தம் எக்ஸோஸ்ட் இரைச்சலில் காதில் விழாது. துள்ளுது என்று வண்டிக்காரர் சொன்னாரே, அந்தத் துள்ளலில் பாதி இந்த முந்திய ஸ்பார்க்தான். சென்ஸரின் ஒரே எண் இரண்டு புத்தகத்தில் பதியப்படுகிறது, நான் ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்துத் திருத்தினேன். என்ஜினை என் காசில் செய்து கொடுத்தேன். உடைந்த பிஸ்டன் துண்டு இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. உங்களைப் போன்ற தம்பிமார் வந்தால் எடுத்துக் காட்டுவேன்.

இப்போது உங்கள் வண்டி. முதலில் பஞ்சிகாவத்தைக்குப் போகாதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உருகிப் பெட்டிப் பக்கம் நிசானின் 14 ஊசி கன்சல்ட் சொக்கெட் இருக்கும். அதில் லப்டொப்பைக் கொழுவி, வண்டி வெட்டும் இடத்தில் சென்ஸர் வோல்ட் எவ்வளவு என்று பதிவு எடுங்கள். 5ஐத் தொட்டு மேசை மாதிரித் தட்டையாக நின்றால் சென்ஸர் முடிந்துவிட்டது. 4.5 வோல்ட்டில் நின்றுகொண்டு வெட்டினால் சென்ஸரில் குறை இல்லை. பூஸ்ட் கூட்டிய வண்டியில் நான் முதலில் பார்ப்பது ஸ்பார்க் பிளக் இடைவெளி. 1.1 மில்லிமீற்றரை 0.8 ஆக்கினால் பாதி வண்டிகள் வெட்டுவதை நிறுத்திவிடும். பிறகு பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில். இன்னொன்று, காற்றுச் சுமை ஒரு எல்லையைத் தாண்டினால் கம்பனிக் கம்பியூட்டரே பெற்றோலை நிறுத்திவிடும். என்ஜினைக் காப்பாற்ற வைத்த வேலி அது. சின்ன எண்ணைக் காட்டும் பெரிய சென்ஸரைப் பூட்டினால் அந்த வேலியையும் பிடுங்கியாயிற்று. வெட்டுவது நின்றுவிடும்தான், நான் சொன்ன ப்ளூபேர்டும் வெட்டவில்லை.

பதிவு பார்த்து, சென்ஸர் உண்மையாகவே போதவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் அதே நாளில் கம்பியூட்டரில் வோல்ட்–காற்று அட்டவணையும் மாற வேண்டும். இன்ஜெக்டர் மாறினால் அதன் அளவு எண்ணும் மாற வேண்டும். பிறகு எக்ஸோஸ்ட்டில் வைட்பாண்ட் ஒக்சிஜன் சென்ஸர் (கலவையை நுணுக்கமாக அளப்பது) வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். சும்மா ஓடும்போது ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. முழு பூஸ்டில் 11.5க்கும் 12க்கும் இடையில் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். கம்பனி ஒக்சிஜன் சென்ஸர் இருக்கிறதே, அது சரிக்கட்டாதா என்று கேட்பீர்கள். ஆறுதலாக ஓடும்போது சரிக்கட்டும். காலை முழுக்க அமத்தினால் கம்பியூட்டர் அதன் பேச்சைக் கேட்பதை விட்டு அட்டவணையை மட்டும் நம்பும். பிஸ்டன் உடைவதும் அந்த நேரத்தில்தான்.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். சென்ஸரின் ஏர்த் வயரை வண்டி உடம்பில் கொழுவாமல் கம்பியூட்டருக்கே கொண்டுபோங்கள். 4 வோல்ட் வரும் இடத்தில் 0.1 வோல்ட் தப்பினால் காற்றுக் கணக்கு ஏறத்தாழ 10 வீதம் தப்பும். வளைவு முடிந்த உடனேயும் சென்ஸரை வைக்காதீர்கள், காற்று சுழன்று வரும். முன்னால் கொஞ்சம் நேர்க்குழாய் விடுங்கள். பெற்றோல் 95 மட்டும்.

மறந்துவிட்டேன். மரைன் டிரைவில் ப்ஸ்ஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டு போகும் வால்வு உங்கள் வண்டியிலும் இருந்தால், அது வெளியே துப்புவது சென்ஸர் ஏற்கெனவே அளந்த காற்று. அதற்குரிய பெற்றோல் ஊற்றியாகிவிட்டது. கியர் மாற்றும்போது கறுப்புப் புகையும், த்ரொட்டிலை விட்டதும் வண்டி நின்றுபோவதும் அதனால். துப்பும் காற்றைச் சென்ஸருக்குப் பின்னால், டேர்போவுக்கு முன்னால் குழாய்க்குள்ளேயே திருப்பி விடுங்கள். சத்தம் போய்விடும். அது உங்களுக்குக் கவலைதான், தெரியும்.

கேள்வி: அப்பா வைத்துவிட்டுப் போன பிஎம்டபிள்யூ இ30 ஒன்று இருக்கிறது. காற்றை அளக்கக் கதவு மாதிரி ஒரு தகடு திறந்து மூடும். அது பழைய தொழில்நுட்பம், கழற்றிவிட்டுச் சூட்டுக் கம்பிச் சென்ஸர் பூட்டினால் டியூனிங் இலகு என்கிறார்கள். உண்மையா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: அது பழையதுதான். பொஷ் கம்பனி 1970களில் கொண்டுவந்த முறை. காற்று தகட்டைத் தள்ளும், தகடு ஒரு கரித் தடத்தின் மேல் சின்னக் கையை நகர்த்தும், அதிலிருந்து வோல்ட் வரும். குறை இரண்டு: தகடு காற்றுக்குக் குறுக்கே நிற்கிறது, அப்புறம் அது அளப்பது காற்றின் நிறையை அல்ல. சூடு கூடினாலும் மலையேறினாலும் காற்று ஐதாகும், தகட்டுக்கு அது முழுதாக விளங்காது. சூட்டுக் கம்பி நிறையையே அளப்பதால், கொழும்பில் டியூன் செய்த வண்டி 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலும் கலவை பிசகாமல் ஓடும்.

ஆனால் இரண்டின் வோல்ட்டும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெட்டி வேண்டும், அந்தப் பெட்டியையும் யாராவது டியூன் செய்ய வேண்டும். சில பழைய மாதிரிகளில் பெற்றோல் பம்பின் சுவிட்சும் அந்தக் கதவுக்குள்ளேயே இருக்கும். கழற்றினால் பம்ப் ஓடாது. இவ்வளவும் செய்து தரப் பொறுமையான ஆள் கிடைத்தால் செய்யலாம்.

நானாக இருந்தால் செய்யமாட்டேன். மேல் மூடியைக் கத்தி வைத்து மெதுவாக நெம்பித் திறந்து பாருங்கள். இத்தனை வருடமாக அந்தச் சின்னக் கை ஒரே கோட்டில் உரசி உரசிக் கரித் தடம் தேய்ந்திருக்கும். கையை ஒரு மயிரளவு வளைத்து, தேயாத இடத்தில் உரசவிட்டால் வண்டி இன்னும் பல வருடம் ஓடும். உள்ளே பல்லுச் சக்கரம் ஒன்று வில்லின் இறுக்கத்தைப் பிடித்திருக்கும். அதை மட்டும் தொட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே யாரோ தொட்டிருந்தால் அங்கே கீறல் அடையாளம் இருக்கும்.

கேள்வி: என் 121 கொரொல்லாவில் செக் என்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேன் செய்து பி0171 என்று காகிதத்தில் எழுதித் தந்தார்கள். எயார் ஃப்ளோ சென்ஸர் புதிதாகப் போட வேண்டுமாம், அதைவிடப் பெரிய காரின் சென்ஸர் போட்டால் இன்னும் நல்லதாம். விலையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது. (பம்பலப்பிட்டி வாசகி, ஆசிரியை)

பதில்: தங்கச்சி, காசை இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள். பி0171 என்றால் கலவையில் பெற்றோல் குறைகிறது என்று மட்டும்தான் பொருள். சென்ஸர் பழுது என்று அந்தக் குறியீடு சொல்லவில்லை. காய்ச்சல் என்று எழுதித் தந்தால் டெங்கு என்று முடிவெடுக்க முடியுமா?

ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம் என்று இரண்டு எண் வரும். கம்பியூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை வீதம் பெற்றோல் கூட்டிக் கொடுக்கிறது என்பது அது. 10க்குள் இருந்தால் கவலை இல்லை. ஐட்லிங்கில் 20, 25 என்று நின்று, 2500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கினால், சென்ஸருக்குப் பின்னால் எங்கோ ரப்பர் குழாய் வெடித்து, அளக்காத காற்று உள்ளே வருகிறது. அது சின்னச் செலவு. மாறாக, வேகம் கூடக் கூட எண்ணும் ஏறினால் சென்ஸரில் அழுக்கு, இல்லையென்றால் பெற்றோல் பம்ப் களைத்துவிட்டது. உங்கள் 1.5 லீற்றர் என்ஜினுக்கு ஏசி போடாமல் ஐட்லிங்கில் செக்கனுக்குச் சுமார் 2 கிராம் காற்று காட்ட வேண்டும். அதைவிட நன்றாகக் குறைவாக இருந்தால் கழுவிப் பாருங்கள்.

கழுவுவதற்கென்றே ஸ்ப்ரே விற்கிறார்கள், அதை மட்டும் பாவியுங்கள். கார்பரேட்டர் ஸ்ப்ரே பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பஞ்சுக் குச்சியால் கம்பியைத் தொட்டால் கம்பி போயிற்று. அடித்துவிட்டு நன்றாகக் காயவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் யாராவது போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த எண்ணெய்தான் கம்பியில் போய்ப் படியும்.

பெரிய காரின் சென்ஸர் என்ற கதையைக் காதில் போடாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது குழாயில் செருகும் சின்னத் துண்டு. டொயோட்டா அதே மாதிரித் துண்டைப் பெரிய வண்டிகளிலும் செருகியிருக்கிறது. அங்கே பெரியது குழாய்தான். கழுவியும் சரிவராவிட்டால், ஒரிஜினல் பாவித்தது ஒன்று வாங்குங்கள். பளபளக்கும் புதுக் கொப்பியைவிட அது மேல்.

கேள்வி: என் ஆல்டோவில் எயார் ஃப்ளோ சென்ஸரைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். எங்கே இருக்கிறது? (மட்டக்குளி வாசகர்)

பதில்: இல்லவே இல்லை. உங்கள் வண்டி மானிஃபோல்டின் அமுக்கத்தையும் காற்றின் சூட்டையும் சுற்றையும் வைத்துக் காற்றைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்த அமுக்கத்தை அளக்கும் சின்னக் கறுப்புப் பெட்டிதான் மேப் சென்ஸர். தேடுவதை நிறுத்திவிட்டு எயார் ஃபில்டரை மாற்றுங்கள்.

கேள்வி: எயார் ஃப்ளோ சென்ஸர் வயரில் செருகும் ‘பவர் சிப்’ ஒன்லைனில் மலிவாக விற்கிறார்கள். கம்பியூட்டரையே டியூன் செய்யுமாம். நம்பலாமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: ஒருவர் வாங்கிக்கொண்டு வந்தார். பூட்டுவதற்கு முன் அவர் கண் முன்னாலேயே வெட்டித் திறந்தேன். உள்ளே ஒரு ரெசிஸ்டர், அதைச் சுற்றிக் கறுப்புப் பசை. காற்றுச் சூட்டு வயரில் அதைச் செருகினால், கொழும்பு வெயிலில் நிற்கும் வண்டி நுவரெலியா விடியற்காலையில் நிற்பதாக நினைத்துக் கொஞ்சம் பெற்றோல் கூட ஊற்றும். கொஞ்ச நேரத்தில் ஒக்சிஜன் சென்ஸர் அதைத் திரும்பக் குறைத்துவிடும். அதே ரெசிஸ்டர் மருதானையில் ரேடியோ சாமான் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அவர் என்னிடம் கோபித்துக்கொண்டு போனார், வெட்டியதைத் திருப்பி அனுப்ப முடியாதாம்.